வையம்பட்டி வகுப்பறையும் வடிகட்ட வந்தோரும்

ஏப்ரல் மாதத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசி மணி அடிக்கிறது. பை தோளில் புரள, புழுதி காலடியில் பறக்க, பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். "கூண்டு திறந்தது, கிளிகள் பறந்தன!" என்று பாடுவார் உண்டு. பாடுவோர் பாடட்டும், நாம் கேட்போம் — எது கூண்டு? எழுத்தைக் காட்டி, எண்ணைக் காட்டி, மேலத்தெருப் பிள்ளையையும் கீழத்தெருப் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரே அண்டாவில் வெந்த சோற்றை ஒரே வரிசையில் உண்ணவைத்திடும் அந்தக் கட்டடமா கூண்டு? இல்லை, தோழர்களே, இல்லை! ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதுதான் வானம். கூண்டு வெளியே காத்திருக்கிறது. கடனாகக் காத்திருக்கிறது, கூலியாகக் காத்திருக்கிறது, "இவன் படித்து என்ன ஆகப்போகிறான்?" என்ற ஏளனமாகக் காத்திருக்கிறது!

ஆகவேதான் சொல்கிறேன்: ஒரு தொடக்கப் பள்ளியின் ஆண்டிறுதிச் செய்தி, ஆசிரியரும் பிள்ளைகளும் மட்டும் பேசிக்கொள்ள வேண்டிய செய்தியல்ல. அதில் அரசியல் இருக்கிறது. ஆண்டாண்டுக் காலத்து ஆதிக்கத்தின் கதை இருக்கிறது. அதை எதிர்த்து எழுந்தோரின் கதையும் இருக்கிறது.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் நெடுஞ்சாலையில் மணப்பாறையைத் தாண்டினால் வருகிறது வையம்பட்டி. ரயில் நிற்கும் ஊர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். திருச்சி மாவட்டம் என்றதும் காவிரி, கொள்ளிடம், கதிர் சாய்ந்த கழனி, கரும்பு, வாழை என்று எண்ணுவோர் இந்தப் பக்கம் வந்து பார்க்கவேண்டும். பொன்னணியாறு அணை பக்கத்தில்தான் இருக்கிறது. என்றாலும் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மேகம் மனம் வைத்தால் மானாவாரி. மனம் வைக்காவிட்டால் பஸ் ஏறிப் பக்கத்து மாவட்டங்களுக்குக் கூலி வேலை. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளும் இந்த வட்டாரத்து மக்களுக்குத் தெரியாத பெயர்களல்ல. வயலும் வாய்க்காலும் இல்லாத வீட்டில் பிள்ளைக்கு எழுதிவைக்கக்கூடிய சொத்து எது? படிப்பு ஒன்றுதான்! அந்தச் சொத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் அலுவலகம் எது? ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி!

அந்தப் பள்ளிகளில் ஆண்டிறுதியில் என்ன நடக்கிறது? ஆண்டு விழா நடக்கிறது. சாக்கு ஓட்டம், எலுமிச்சை கரண்டி ஓட்டம், குறள் ஒப்பித்தல், பேச்சுப் போட்டி. வென்ற பிள்ளைக்கு எவர்சில்வர் தட்டோ டம்ளரோ பரிசு. அந்தத் தட்டை வீட்டு மாடத்தில் சாத்திவைத்து, அதில் சோறு போடாமல் அழகு பார்க்கும் தாய்மார்களை நாம் அறிவோம். சில ஊர்களில் பெற்றோர் 'கல்விச் சீர்' கொண்டுவருகிறார்கள். நாற்காலி, மின்விசிறி, நோட்டுப் புத்தகம், பீரோ என்று தாம்பாளமும் மேளமுமாக ஊர்வலம் வருகிறார்கள். கோயில் திருவிழாவுக்கும் மாமன் வீட்டுச் சீருக்கும் மட்டும் மேளம் கொட்டிய ஊர், கரும்பலகைக்கு மேளம் கொட்டுகிறது! புதிய பழக்கம் என்று எண்ணவேண்டாம். காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறையின் இயக்குநராகவும் இருந்த 1958-ஆம் ஆண்டில் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின் வழிவந்த வழக்கம் இது. ஊர் மக்களே தங்கள் பள்ளிக்கு வேண்டியதைக் கொடுத்த இயக்கம் அது.

விழா முடிந்தால் மதிப்பீடு. 2012-13-ஆம் கல்வியாண்டிலிருந்து தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரித்தார்கள். பருவம் முழுதும் பிள்ளை செய்வதைப் பார்த்துத் தரும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் எழுதும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று வைத்தார்கள். மூன்றாம் பருவம் முடிகிறது, அட்டை வருகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஆறாம் வகுப்புக்குப் போகவேண்டும்.

போகிறதா? அதுதான் கேள்வி, தோழர்களே! யார் சாக்கு ஓட்டத்தில் முதல் என்பது அன்றைய செய்தி. யார் ஜூன் மாதத்தில் ஆறாம் வகுப்பு வாசலில் நிற்கிறார் என்பதுதான் ஆண்டின் செய்தி! ஒரு பள்ளி வென்றதா, தோற்றதா என்பதை அளக்க வேறு கோல் வேண்டியதில்லை. ஐந்தை முடித்த அத்தனை பிள்ளைகளும் ஆறுக்குப் போனால் அந்தப் பள்ளி வென்றது. ஒரு பிள்ளை குறைந்தாலும் அந்த ஊர் தோற்றது. பள்ளி அல்ல, ஊர் தோற்றது!

"இதில் என்ன கஷ்டம்? சட்டம் இருக்கிறது, பள்ளி இருக்கிறது, போகவேண்டியதுதானே?" என்பீர்கள். போகவிடாமல் வாசலில் நின்று வழிமறிப்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அன்றைக்கு அவர்கள் வைத்த பெயர் ஒன்று. இன்றைக்கு வைக்கும் பெயர் வேறொன்று.

*

அன்றைய கதையை முதலில் பார்ப்போம். 1953-ஆம் ஆண்டு. சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் நாற்காலியில் ஆச்சாரியார் இருந்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் வந்து சேர்ந்தது. நாள் ஒன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே படிப்பு. மீதி நேரம்? வீட்டுக்குப் போய் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளவேண்டும்! பெண் பிள்ளையா? வீட்டு வேலையைக் கற்றுக்கொள்ளவேண்டும்!

ஏனென்று கேட்டதற்கு, "பள்ளிக்கூடம் போதவில்லை, வாத்தியார் போதவில்லை, பணம் போதவில்லை, ஒரே கட்டடத்தில் காலை ஒரு கூட்டம், மாலை ஒரு கூட்டம் என்று படிக்கவைத்தால் இரண்டு மடங்குப் பிள்ளைகள் படிக்கலாமே!" என்று கணக்குக் காட்டினார்கள். கணக்கு நல்ல கணக்குத்தான்! ஆனால், அந்தக் கணக்கு ஏன் பட்டணத்துப் பிள்ளைக்குப் போடப்படவில்லை? கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும் ஏன் போடப்பட்டது? வழக்கறிஞர் மகன் மாலையில் வழக்குமன்றம் போய் வாதாடக் கற்றுக்கொள்ளவேண்டும் என்றா திட்டம் சொல்லிற்று? செருப்புத் தைப்பவர் மகன் தோலைத் தொடட்டும், சலவைத் தொழிலாளி மகன் வெள்ளாவி வைக்கட்டும், முடிதிருத்துவோர் மகன் கத்தி தீட்டட்டும் என்றன்றோ அதன் உட்பொருள் இருந்தது! ஆகவேதான் மக்கள் அதற்குத் தாங்களே ஒரு பெயர் வைத்தார்கள்: குலக்கல்வித் திட்டம்!

கொதித்தது நாடு. பெரியார் போர்முரசு கொட்டினார். 1953 ஜூலையில் தி.மு. கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இந்தத் திட்டத்தை எதிர்த்து எழுந்ததுதான். மற்றொரு முனை எங்கே? இதே திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியில், டால்மியாபுரம் என்ற பெயரை அகற்றக் கோரித் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த களம். அது தமிழ்ப் பெயர் கேட்ட போர். இது ஏழைப் பிள்ளையின் முழுநாளைக் கேட்ட போர்.

முடிவு என்ன? ஆச்சாரியார் பதவியை விட்டு இறங்கினார். 1954 ஏப்ரல் 13 அன்று காமராசர் முதலமைச்சரானார். 1954 மே 18 அன்று திட்டம் கைவிடப்பட்டதாக அறிவிப்பு வந்தது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே: மே மாதம்! அதுவும் ஒரு கோடை விடுமுறைதான். பிள்ளைகள் புளிய மரத்தடியில் ஆடிக்கொண்டிருந்த நாட்களில் அவர்கள் பாதி நாளை மீட்டுக் கொடுத்தது கிளர்ச்சி. விடுமுறைக் காலத்தில் வெல்லவும் முடியும், தோற்கவும் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நேரத்தை மீட்டால் போதுமா? வயிறு? பசித்த வயிறு பாடத்தைக் கேட்குமா? அதையும் இந்த மண்தான் முதலில் கேட்டது. 1920-ஆம் ஆண்டிலேயே, நீதிக்கட்சித் தலைவர் பி. தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானித்தார்கள். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவு. ஓரணாதான்! அந்த ஓரணா விதையிலிருந்து முளைத்தது எவ்வளவு பெரிய மரம் பாருங்கள். 1956-ல் காமராசர் ஆட்சி மதிய உணவைக் கிராமப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது எந்த ஊரில்? இதே திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்! 1989-ல் கலைஞர் ஆட்சி அந்தச் சோற்றோடு முட்டையைச் சேர்த்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி, மாநிலத்தின் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. வையம்பட்டி ஒன்றியத்துப் பிள்ளைகளின் தட்டிலும் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் விழுந்தன.

கட்சி வேறு, காலம் வேறு, தலைவர் வேறு. ஆனால் நூறாண்டாக இந்த மண் ஒரே திசையில் நடந்திருக்கிறது: பிள்ளையை உள்ளே இழு! சோறு போட்டு இழு, சீருடை கொடுத்து இழு, புத்தகம் கொடுத்து இழு, எப்படியேனும் உள்ளே இழு!

எதிர்த்திசையில் நடப்போரின் குரல் என்ன? வடிகட்டு! பரீட்சை வைத்து வடிகட்டு, பத்து வயதிலேயே வடிகட்டு!

*

இதுதான் இன்றைய பெயர். 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம், தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக்கூடாது, பள்ளியைவிட்டு வெளியேற்றவும் கூடாது என்று கூறிற்று. 2019-ல் நாடாளுமன்றம் அதைத் திருத்தியது. ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் ஆண்டிறுதியில் தேர்வு. தவறினால் மீண்டும் பயிற்சி, இரண்டு மாதத்தில் மறுதேர்வு. அதிலும் தவறினால் நிறுத்திவைக்க அரசுகள் முடிவு செய்யலாம் என்றார்கள். அதே 2019 செப்டம்பரில் அன்றைய அ.தி.மு.க. அரசு, தமிழ்நாட்டிலும் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று ஆணை போட்டது. "மூன்றாண்டுக்கு யாரையும் நிறுத்தமாட்டோம்" என்று சமாதானமும் சொன்னது. தூக்குக் கயிற்றைக் கட்டிவிட்டு, "மூன்று வருடம் கழித்துத்தான் இறுக்குவோம்" என்பதுபோல் இருந்தது அந்தச் சமாதானம்! ஆசிரியர் எதிர்த்தனர், பெற்றோர் எதிர்த்தனர், கட்சிகள் எதிர்த்தன. 2020 பிப்ரவரி 4 அன்று அந்த ஆணையை அந்த அரசே விலக்கிக்கொண்டது.

தீர்ந்ததா? இல்லை. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்வு என்று பேசிற்று. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு, தன் ஆளுகையிலுள்ள கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் தவறிய பிள்ளையை நிறுத்திவைக்கலாம் என்று விதி வகுத்தது. தமிழ்நாட்டு அரசின் பள்ளிகளுக்கு அது பொருந்தாது, எட்டு வரை எல்லாப் பிள்ளைக்கும் தேர்ச்சி என்ற முறையே தொடரும் என்று மாநில அரசு அப்போதே அறிவித்தது. ஆனால் அந்தக் கொள்கையை முழுதாக ஏற்காத குற்றத்துக்குத் தண்டனை இல்லாமலா இருந்தது? 2024-25-ஆம் ஆண்டுக்குரிய சமக்ர சிக்ஷா நிதி ₹2,152 கோடி தமிழ்நாட்டுக்குத் தரப்படாமல் நிறுத்தப்பட்டது! வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. பிள்ளையை நிறுத்தமாட்டோம் என்றவர்களுக்குப் பணத்தை நிறுத்தினார்கள்!

மணப்பாறை மாட்டுச் சந்தை நம் பக்கத்தில் பேர்பெற்றது. அங்கே மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்கள். பல் சரியில்லையா, "இது ஆகாது" என்று அடுத்த மாட்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். வாங்கவந்தவருக்கு அது வழக்கம், குற்றமில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து, "இது ஆகாது" என்று ஒதுக்குவதற்குப் பள்ளிக்கூடம் என்ன மாட்டுச் சந்தையா?

நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது, அதை ஒளிக்கவேண்டியதில்லை. "எல்லாரையும் தேர்ச்சி என்று தள்ளிவிட்டால், எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையும் ஆறாம் வகுப்புக்குப் போகிறதே, அது சரியா?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும், கேட்கவேண்டும்! தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்கத் திணறுகிறார்கள் என்று 2022-ல் 'அசர்' என்னும் கல்விநிலை ஆய்வறிக்கை கூறிற்று. கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த காலத்தின் காயம் அதில் இருந்தது. ஆயினும் காயம் காயம்தான், மறைத்தால் ஆறாது.

ஆனால் மருந்து என்ன? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வைத்தியம் பார்ப்பார்களா, வீட்டைவிட்டு வெளியே படுக்கவைப்பார்களா? படிக்கத் தெரியவில்லை என்றால் படிக்கச் சொல்லித்தரவேண்டும். தோற்றவன் என்று பட்டம் கட்டி, தம்பி வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்காரவைத்தால் படிப்பு வருமா, வெட்கம் வருமா? வெட்கம் வந்தால் பள்ளிக்கு வருவானா, பட்டறைக்குப் போவானா?

சொல்லித்தர வழி இருக்கிறது, செய்தும் பார்த்தார்கள். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. தெருவிலேயே மாலை வகுப்பு, தன்னார்வலரே ஆசிரியர். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை, 2023-24 முதல் ஐந்து வரை. அதில் பிள்ளைகளை நிலைக்கேற்பப் பிரித்துப் பாடம் நடத்தினார்கள். அந்த நிலைகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: அரும்பு, மொட்டு, மலர்! பின்தங்கிய பிள்ளைக்கு 'பெயில்' என்று பெயரில்லை. 'அரும்பு' என்று பெயர். அரும்பு என்றால் நாளை மொட்டாகும், மறுநாள் மலரும். 'பெயில்' என்றால் உதிர்ந்துபோனது என்று பொருள். இரண்டு சொற்கள்தான், இரண்டுக்கும் நடுவே இருப்பது இரண்டு சமுதாயக் கொள்கைகள்!

ஆகவே, தோழர்களே, வாதத்தை மாற்றிப் போடுவோம். ஆண்டிறுதியில் கேட்கவேண்டியது "எந்தப் பிள்ளை தோற்றது?" என்பதல்ல. "எந்தப் பிள்ளை இன்னும் அரும்பாக இருக்கிறது, அதற்கு நாம் என்ன செய்தோம்?" என்பதே. முன்னது பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. பின்னது அரசை, ஆசிரியரை, ஊரை, நம்மை ஏற்றுகிறது. ஏறுவோம்! நமக்குத் தோள் இருக்கிறது, பத்து வயதுக்கு இல்லை.

*

இனி விடுமுறைக்கு வருவோம். கோடை விடுமுறை என்றால் வசதி படைத்த வீட்டில் ஊட்டியா, கொடைக்கானலா என்று பேச்சு. வையம்பட்டிப் பக்கத்துக் கூலி வீட்டில் என்ன பேச்சு? காலையில் பள்ளியில் கிடைத்த கிச்சடி இல்லை. மதியம் கிடைத்த சோறும் முட்டையும் இல்லை. பள்ளி மூடினால் அடுப்பும் மூடுகிறது; பிள்ளையின் வயிறு மட்டும் மூடுவதில்லை! இதை நாம் மட்டும் சொல்லவில்லை; வறட்சி தாக்கிய பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தரவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றமே கூறியது. மழை பொய்த்த ஆண்டில், மானாவாரி பூமியில், இந்தக் கோரிக்கையை எழுப்பும் உரிமை நமக்கு இருக்கிறது.

அந்தப் பசி வேளையில்தான் பெரிய வீட்டுத் திண்ணையில் ஒரு உரையாடல் நடக்கிறது. ஊர்ப் பெயர் எதுவாகவும் இருக்கலாம்.

"என்னப்பா, உன் மகன் பாஸாயிட்டானா?"

"ஆமாங்க ஐயா. அஞ்சு முடிச்சுட்டான். ஆறாவது சேக்கணுங்க."

"ஆறாவது என்ன, ஆறாவது! நாலு எழுத்துத் தெரிஞ்சா போதாதா? சரி, லீவுதானே! ஒரு மாசம் நம்ம கடைக்கு அனுப்பிவை. கைச்செலவுக்கு ஆகும்ல?"

அன்பான பேச்சு! இனிக்கும் பேச்சு! அந்த ஒரு மாதம் இரண்டு மாதமாகும். கைச்செலவு அட்வான்ஸ் ஆகும். அட்வான்ஸ் கடன் ஆகும். ஜூனில் பள்ளி மணி அடிக்கும்போது பிள்ளை கடையில் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருப்பான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது என்கிறது. நல்லது, வரவேற்போம். ஆனால் அதே திருத்தம் பின்வாசலில் ஒரு கதவைத் திறந்துவைத்தது: ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலும் விடுமுறை நாட்களிலும், பிள்ளை உதவி செய்யலாமாம்! எங்கேயோ கேட்ட குரல்போல இல்லையா? "பள்ளி நேரம் போக அப்பன் தொழில்!" 1953-ல் முன்வாசல் வழியாக வந்து அடிபட்டுப் போனது, 2016-ல் விடுமுறையைப் பார்த்துப் பின்வாசல் வழியாக நுழைகிறது!

அம்மாவுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக் கொடுப்பதை நாம் தவறு என்று சொல்லவில்லை. ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுவதைக் குற்றம் என்று கூறவில்லை. அது வீட்டுப் பாசம். ஆனால் குடும்பத் தொழில் என்ற பெயரில் காண்ட்ராக்டர் கொண்டுவந்து இறக்கும் வேலையை வீட்டுத் திண்ணையில் பிள்ளை பத்து மணி நேரம் செய்தால், அது பாசமா? பாசக் கயிறு!

*

ஆறாம் வகுப்பை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்? காரணம் இருக்கிறது. ஆறாம் வகுப்பு ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் இன்னும் பல கதவுகள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு என்று 2020-ல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலான படிப்புகளுக்கும் அது விரிந்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ₹1,000 என்று 2022-ல் 'புதுமைப்பெண்' வந்தது. ஆண் பிள்ளைகளுக்கு 2024-ல் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது.

கவனித்தீர்களா? எல்லாவற்றுக்கும் கணக்குத் தொடங்குவது ஆறாம் வகுப்பில்! வையம்பட்டிப் பக்கத்துக் கூலிக்காரர் மகள் டாக்டர் ஆவாளா என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் மட்டும் முடிவு செய்வதில்லை. அவள் பத்து வயதாக இருந்தபோது ஒரு மே மாதத்தில் வீட்டார் எடுத்த முடிவும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது! கடன் வாங்கி, 'இங்கிலீஷ் மீடியம்' என்ற பலகையைப் பார்த்து மயங்கி, பெயர் தெரியாத கான்வென்டில் சேர்க்க ஓடும் தோழர்களும் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கவேண்டும். வட்டியும் கட்டி, வாய்ப்பையும் விடுவதா?

ஆகவே, தோழர்களே, கூட்டம் போட்டுக் கைதட்டிக் கலைந்தால் போதாது. விடுமுறை பிள்ளைகளுக்குத்தான், நமக்கு அல்ல. வேலை இருக்கிறது, சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: உங்கள் தெருவில், உங்கள் காலனியில், ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலை வரிவரியாகச் சரிபார்க்கும் கைகள் இந்தப் பட்டியலையும் எழுதட்டும். இந்தப் பட்டியலில் இருப்போருக்கு வாக்கில்லை; வாழ்க்கை இருக்கிறது!

இரண்டாவது வேலை: அந்தந்த வீட்டுக்குப் போங்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கியாயிற்றா, எந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பு, எத்தனை தூரம் என்று கேளுங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப் படிப்பு என்று தமிழ்நாட்டின் கல்வி உரிமை விதிகள் வகுத்திருக்கின்றன. தூரம் கூடுதலா? பஸ் இல்லையா? அதுதான் நம் அடுத்த மனு. சீருடை அணிந்த பிள்ளைக்கு அரசுப் பஸ்ஸில் கட்டணமில்லை. ஆனால் பஸ்ஸே வராத ஊருக்குக் கட்டணமில்லாத பஸ் எதற்கு? கேளுங்கள்!

மூன்றாவது வேலை: பள்ளி மேலாண்மைக் குழுவை விட்டுவிடாதீர்கள். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்கவேண்டும், பாதி பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். கல் உடைக்கும் கையும் களை எடுக்கும் கையும் பள்ளிக்கூடத்தை நிர்வகிக்கலாம் என்று சட்டம் நாற்காலி போட்டிருக்கிறது. நீங்கள் உட்காராவிட்டால் காண்ட்ராக்டர் உட்காருவார். கூரை ஒழுகுகிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, ஆசிரியர் பணியிடம் காலியா என்பதையெல்லாம் ஜூன் மாதத்தில் புலம்பிப் பயனில்லை. மே மாதத்தில் கேட்டால்தான் ஜூனில் நடக்கும்.

நான்காவது வேலை: நம் படிப்பகங்கள்! ஒரு காலத்தில் டீக்கடைப் பெஞ்சிலும் முடிதிருத்தகத்திலும் ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றி நின்று உலகத்தைக் கேட்டறிந்த வரலாறு நமக்கு உண்டு. அந்தப் படிப்பகத்தின் கதவை இந்த விடுமுறையில் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். மாலையில் ஒரு மணி நேரம், இரண்டு பெஞ்சு, ஒரு விளக்கு, கல்லூரி படிக்கும் ஒரு தம்பியோ தங்கையோ போதும். இன்னும் அரும்பாக இருக்கும் பிள்ளைகளை அழைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். திணறினால் பொறுத்திருங்கள், சிரிக்காதீர்கள். வெட்கப்படுத்தாத வகுப்பறைதான் வெல்லும் வகுப்பறை.

இதையெல்லாம் அரசு செய்யவேண்டாமா என்பீர்கள். செய்யவேண்டும்! அந்தந்தக் காலத்து அரசு யாருடையதாயினும், செய்யாவிட்டால் கேட்போம், கேளாவிட்டால் கிளர்ந்தெழுவோம். ஆனால் 1953-ல் பாதி நாளைப் பறித்தபோது அதை மீட்டது கோட்டைக்குள் இருந்த கோப்பு அல்ல, கொதித்தெழுந்த மக்கள். 2020 பிப்ரவரியில் ஐந்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ஓடவைத்ததும் அந்த மக்கள்தான். காவல் நிற்கும்வரை கதவு திறந்திருக்கும். காவல் தூங்கினால் கதவு மூடிக்கொள்ளும்.

ஜூன் மாதத்தில் மீண்டும் மணி அடிக்கும். அன்று ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஆசிரியர் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். உங்கள் தெருவில் நீங்கள் எழுதிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். அத்தனை பெயருக்கும் "உள்ளேன் ஐயா!" என்று குரல் வந்ததா? வந்தால், வையம்பட்டி வென்றது. ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால், அன்று மாலையே அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்!